அது வந்து...

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் கால் தவறி விழுந்தேன். இடது பக்கத் தலை படியின் விளிம்பில் அடித்தது. விழுந்தது எனக்கு நினைவில்லை, அதற்கு முந்தைய இரண்டு நாளும் நினைவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்தியதால் எலும்பைத் திறந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் பின்னால் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. என் நினைவு ஆரம்பிப்பது ஐசியூவில் ஒரு விளக்கிலிருந்துதான். நேராக முகத்துக்கு மேலே இருந்தது. கண் கூசியது. அதை அணைக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன். வாயிலிருந்து வந்தது, "அது வந்து."

மறுபடி சொன்னேன். "அது வந்து. அது வந்து."

என் கணவர் குனிந்து, "சொல்லு, என்ன வேணும், சொல்லு" என்றார். நான் மகளைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பாப்பா அம்மாகிட்ட இருக்கா, நல்லா இருக்கா, கவலைப்படாத" என்றார். இல்லை, அது இல்லை என்று தலையாட்ட நினைத்தேன். தலை ஆமாம் என்று ஆடியது. அவர் அழுதுவிட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஏழு வாரம் என்னிடம் இருந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான். பேசும்போது அடுத்த வார்த்தை வரும்வரை இட்டு நிரப்ப நாம் எல்லோரும் சொல்வோமே, அந்த "அது வந்து." வலி என்றாலும் அது வந்து, பசி என்றாலும் அது வந்து, மகள் முதல் தடவை வார்டு வாசலில் நின்று உள்ளே வரப் பயந்து என்னைப் பார்த்தபோது வா கண்ணு என்று சொல்ல நினைத்து வந்ததும் அது வந்துதான். குரலில் ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்ததாம். கோபம் கோபமாகவும் கெஞ்சல் கெஞ்சலாகவும் கேட்டதாம். சொல்தான் இல்லை.

மூளையில் அடிபட்டு மொழி போவதற்கு அஃபேசியா என்று பெயர். தமிழில் பேச்சிழப்பு என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பேச்சு மட்டுமா போகிறது? படிப்பது, எழுதுவது, அடுத்தவர் சொல்வதைக் கேட்டுப் பிடித்துக்கொள்வது, எண்கள், மணி பார்ப்பது எல்லாமே ஏதோ ஓர் அளவுக்கு அடி வாங்குகிறது. பெரும்பாலும் பக்கவாதத்தில்தான் இது வருகிறது, பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. தலைக்காயம், மூளைக் கட்டி, மூளையில் கிருமித் தொற்று இவற்றாலும் வரும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை நடத்துவதும் அதே இடது மூளை என்பதால் பலருக்குப் பேச்சோடு சேர்ந்து வலது கையும் காலும் தளர்ந்துவிடும். எனக்குக் கால் திரும்பிவிட்டது, கை முழுதாகத் திரும்பவில்லை. இதைக்கூட இடது கையால்தான் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுத மூன்று மாதம் ஆகியிருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு வரி, நல்ல நாளில் ஏழெட்டு வரி. எழுதியதை என் மகள் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், அவளுக்கு இப்போது 14 வயது. சொல்லின் முடிவில் தப்பு இருந்தால் என் காது கண்டுபிடித்துவிடும், கைக்குத்தான் தெரியாது. எங்கே தப்பு என்று அவள் சொல்லமாட்டாள். மறுபடி படிப்பாள், நான் கையைத் தூக்கும்வரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் எல்லோரும் எங்களைக் காயப்படுத்துகிறார்கள். அஃபேசியா அறிவை எடுத்துக்கொள்வதில்லை. ஆள் உள்ளே முழுசாக இருக்கிறார். என் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு என் கணவரிடம் "இவங்களுக்கு நாம பேசுறது ஏதாவது புரியுதா?" என்று கேட்டவர்களை எனக்கு ஒவ்வொருவராகத் தெரியும். எல்லாம் புரியவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி புரிந்தது.

இரவு தூக்கம் வராதபோது என்னை நானே சோதித்துப் பார்ப்பேன். வீட்டு வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக உள்ளே போவேன். அலமாரியில் மேல் தட்டில் என்ன, கீழ்த் தட்டில் என்ன, எந்த இழுப்பறையின் கைப்பிடி ஆடும், எந்தக் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். எல்லாம் இருந்தது, ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. ஒன்றுக்கும் பெயர்தான் இல்லை. சாமுவேல் ஜான்சன், ஆங்கிலத்துக்கு அகராதி செய்த அதே ஜான்சன், 1783 ஜூனில் ஒரு ராத்திரி பக்கவாதத்தில் பேச்சை இழந்திருக்கிறார், அப்போது அவருக்கு 73 வயது. புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இருட்டில் படுத்தபடியே லத்தீன் செய்யுளில் ஒரு பிரார்த்தனையை மனசுக்குள் கட்டிப் பார்த்தாராம். வரிகள் அவ்வளவு நன்றாக அமையவில்லை, ஆனால் நன்றாக அமையவில்லை என்பது தனக்குத் தெரிந்தது என்று பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது. வாழ்நாளெல்லாம் சொற்களுக்குப் பொருள் எழுதிய மனிதர், நான் அறை அறையாகப் போன மாதிரியே இருட்டில் தன்னைத் தேடியிருக்கிறார்.

என்னைப் போலவே ஒரே ஒரு ஒலியோடு இருந்த இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் லெபோர்ன். செருப்பு தைப்பவர்களுக்கு அச்சு செய்து கொடுத்த தொழிலாளி, சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. 30 வயதில் பேச்சு போய், பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் சேர்ந்து 21 வருஷம் அங்கேயே இருந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பார். அதனால் அவரை எல்லோரும் அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். 1861 ஏப்ரலில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் அவரைப் பார்க்கிறார், சில நாளில் அவர் இறந்துபோகிறார், மூளையைத் திறந்து பார்த்தால் இடது முன்பக்கத்தில் பழுது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று உலகம் ஒத்துக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த இடத்துக்கு ப்ரோக்காவின் பெயர். லெபோர்னின் மூளையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அதில் ஒரு சின்ன விஷயம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று ப்ரோக்கா கேட்கிறார். லெபோர்ன் இடது கையை நாலு தடவை விரித்துக் காட்டி, அப்புறம் ஒரு விரலைக் காட்டுகிறார். 21. சரியான விடை. மறுபடி கேட்கிறார், அதே விடை. மூன்றாவது தடவை கேட்கப் போனதும், தன்னை வைத்துச் சோதனை நடக்கிறது என்று லெபோர்னுக்குப் புரிந்துவிடுகிறது. கோபம் வந்து ஒரு வசைச்சொல்லைக் கத்துகிறார். ப்ரோக்காவே எழுதி வைத்திருக்கிறார் இதை. என்னைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஸ்பூனையும் பேனாவையும் செருப்பையும் தூக்கிக் காட்டி "இது என்ன, சொல்லு பாக்கலாம், இது என்ன" என்று கேட்டபோது எனக்குள் வந்த கோபம் அதேதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் கேட்கலாம், அது அவர் வேலை. பார்க்க வந்தவர் கேட்கக் கூடாது. அவர் அன்போடுதான் கேட்கிறார், தெரியும். ஆனாலும் கூடாது.

ஃபிரெஞ்சில் அந்த ஒலிக்கு என்ன பொருளோ எனக்குத் தெரியாது, நம் காதுக்கு அது தமிழாகவே விழுகிறது. நான்தான், இங்கேதான் என்கிற அந்தத் தான்.

ஒரு சொல் வராத மனிதருக்கு வசைச்சொல் மட்டும் முழுசாக எப்படி வந்தது என்று கேட்டால், அதற்குக் காரணம் இருக்கிறது. யோசிக்காமல் தானாக வருகிற பேச்சு வேறு தடத்தில் வருகிறது, அதில் வலது மூளைக்கும் பங்கு இருக்கிறது என்கிறார்கள். திட்டு, எண்ணிக்கை, கிழமைகள், மனப்பாடச் செய்யுள், பாட்டு. போதலேர் என்ற ஃபிரெஞ்சுக் கவிஞர் 1866இல் பேச்சை இழந்த பிறகு அவரிடம் மிஞ்சியதும் ஒரு வசையின் துண்டுதான். என் விஷயத்தில் கிழமைகள். இன்னைக்கு என்ன கிழமை என்றால் தெரியும், சொல்ல வராது. ஞாயிறு, திங்கள் என்று யாராவது எடுத்துக் கொடுத்தால் கடகடவென்று வரும். செவ்வாயில் நிற்க வேண்டும் என்றால் அங்கேதான் நிற்க முடியாது, சனி வரை ஓடித்தான் அடங்கும். அப்புறம் மறுபடி ஞாயிறு, திங்கள், மெதுவாக, செவ்வாய் வந்ததும் உதட்டைக் கையால் பொத்திக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை என்று ஒரு மனிதருக்குப் பதில் சொல்ல எனக்கு அத்தனை வேலை இருந்தது.

பாட்டும் அப்படித்தான். ஒரு மதியம் அத்தை என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் மகளுக்கு அவர் பாடிய தாலாட்டை முனகிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்தேன். வார்த்தையோடு. ஒரு கண்ணியும் விடாமல். அத்தை பாட்டை நிறுத்தவே இல்லை, நிறுத்தினால் நான் நின்றுவிடுவேனோ என்ற பயத்தில் மூச்சு வாங்க வாங்கப் பாடிக்கொண்டே கையை நீட்டி அறைக் கதவைத் தட்டினார், வெளியே இருந்த என் கணவர் ஓடி வந்தார். பாட்டு முடிந்தது. "பேசு, ஏதாவது பேசு" என்றார். அது வந்து.

பாடினால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பாட்டு இருப்பது ஒரு பிடி, அவ்வளவுதான். அந்தப் பிடியை வைத்து 1973 முதல் ஒரு பயிற்சி முறையே இருக்கிறது. சொல்லை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாடி, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் மேசையைத் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவது. தண், ணீர், வேண், டும். அமெரிக்காவில் 2011 ஜனவரியில் தலையில் சுடப்பட்ட எம்.பி. கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் பாட்டின் உதவியோடு சொற்களை மீட்டதைப் பல பேர் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் தினமும் மணிக்கணக்கில் உழைப்பு. இன்றும் அவருக்கு அஃபேசியா இருக்கிறது.

மறுவாழ்வு வார்டில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் பேச்சு நிற்கவே நிற்காது. நல்ல ராகம், நல்ல வேகம், கையெல்லாம் ஆட்டிப் பேசுவார். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் ஒட்டே இருக்காது, பாதிச் சொற்கள் எந்த மொழியிலும் இல்லாதவை. அது அவருக்குத் தெரியாது. நாம் சொல்வதும் அவருக்கு ஏறாது. கார்ல் வெர்னிக்கே என்பவர் 1874இல் எழுதிய வகை அது, பழுது கொஞ்சம் பின்னால், காதுக்கு அருகில். எனக்குப் புரிகிறது, வரவில்லை. அவருக்கு வருகிறது, புரியவில்லை. அவர் அரை மணி நேரம் பேசுவார், நான் நடுநடுவே "அது வந்து" என்பேன், அவர் தலையாட்டிக்கொண்டு தொடர்வார். அந்த வார்டில் என்னிடம் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

ஆமாம், இல்லை என்ற இரண்டு சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் மாறி மாறி வரும். வலிக்குதா என்றால் இல்லை என்பேன், வலியில் துடித்துக்கொண்டு. குளிருதா என்றால் ஆமாம் என்பேன், வியர்த்துக்கொண்டு. பதில் வாயில் வந்துவிட்டதால் கேட்டவர் நம்பிப் போய்விடுவார். எங்களுக்கு நிறைய மாத்திரையும் ஊசியும் இப்படித் தப்பான பதிலை நம்பித்தான் நடக்கிறது. கடைசியில் ஒரு நர்ஸ்தான் கண்டுபிடித்தார், என் வாய் சொல்வதையும் என் முகம் சொல்வதையும் பார்த்துவிட்டு. கட்டைவிரலைத் தூக்கினால் ஆமாம், கவிழ்த்தால் இல்லை. வாயில் என்ன வந்தாலும் விரலைத்தான் நம்ப வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டார்.

பத்தாவது வாரம் வாக்கில் பேர்ச்சொற்கள் வர ஆரம்பித்தன. தண்ணி. கண்ணாடி. கதவு. பயிற்சியாளர் சீப்பைக் காட்டினார். தெரியும். தலையில் சீவிக் காட்டினேன். "எங்க வைப்பீங்க?" கண்ணாடி. "எப்படி இருக்கும்?" பல். பல் என்று நானே சொன்னது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சொல்லைச் சுற்றி நாலா பக்கமும் வந்துவிட்டேன், நடுவில் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் முதல் எழுத்தை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டினார், "சீ..." சீப்பு என்று வந்துவிட்டது. மறுநாள் காலை அதே சீப்பு, மறுபடியும் இல்லை. ஒரு நாள் கிடைத்த சொல் அடுத்த நாளும் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நூறு தடவை, இருநூறு தடவை கிடைத்த பிறகுதான் அது நம்முடையது ஆகிறது.

வினைச்சொற்கள் அதற்கும் பின்னால் வந்தன. எனக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்ததும் அப்போதுதான்.

மூளையின் முன்பக்கம் அடிபட்டவர்களுக்குச் சொல்லின் வேர் வந்துவிடும், ஒட்டும் உருபும் விகுதியும் உதிர்ந்துவிடும். தந்தி மொழி என்று இதைச் சொல்கிறார்கள். தமிழில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வந்தேன், வந்தான், வந்தார், வந்தீங்க, வருவாங்க. யார், எப்போது, எவ்வளவு மரியாதை, எல்லாமே வால் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வா. போ. கொடு. எடு. நில். அதாவது கட்டளை. நான் பேசிய ஒவ்வொரு வினையும் கட்டளையாகத்தான் வெளியே வந்தது.

அத்தை காலையிலிருந்து எனக்காக நின்றுகொண்டே இருந்தார். மாத்திரை கொடுத்து, துணி மாற்றி, தலை துவட்டி. அவரிடம், அத்தை, கொஞ்சம் உட்காருங்க, எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க என்று சொல்ல வேண்டும். முழு வாக்கியமும் எனக்குள் இருந்தது. கண்ணை மூடிச் சேர்த்துக்கொண்டு சொன்னேன். "அத்தை. உட்கார்."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. என் காதில் அது விழுந்ததும் நான் பதறிய பதற்றம் எனக்குத்தான் தெரியும், ஆனால் பதற்றத்தில் வந்ததும் "உட்கார், உட்கார்" தான். அத்தை கையில் துண்டோடு ஒரு கணம் அப்படியே நின்றார். அப்புறம் கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்து, "உட்கார்ந்துட்டேம்மா" என்றார்.

எல்லோரும் அத்தை இல்லை. வீட்டுக்கு வந்த ஒரு பெரியவரை நான் "வா" என்று சொன்னதற்கு, தலையில அடிபட்டா மரியாதையுமா போயிடும் என்று வாசலில் நின்று கேட்டார். போகும். மரியாதை மனசில் இருக்கிறது, அதைக் காட்டுகிற "ங்க" மூளையில் இருக்கிறது. மனசு அப்படியே இருந்தது. அதைச் சொல்ல அன்று என்னிடம் சொல் இல்லை, அதனால் இன்று எழுதுகிறேன்.

பேசுவதில் மட்டும் இல்லை, கேட்பதிலும் தமிழ் வாக்கியத்தின் முடிவுதான் என்னைக் கவிழ்த்தது. நம் மொழியில் இல்லை என்பது கடைசியில் வருகிறது. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்ல" என்று என் கணவர் சொன்னால், நாளைக்கு, காலை, எட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் பிடித்துவிடுவேன். அதற்குள் களைத்துப்போய்விடும், கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற "இல்ல" விழாது. மறுநாள் விடிகாலையில் எழுந்து, ஒற்றைக் கையால் துணி மாற்றி, பையைத் தயார் செய்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் பேசும் முறையே மாறியது. முதலில் என் பெயர். நான் திரும்பிப் பார்த்த பிறகு, "ஆஸ்பத்திரி." நிறுத்தம். "நாளைக்கு இல்ல." நிறுத்தம், கையையும் ஆட்டிக் காட்டுவார். "வெள்ளிக்கிழமை." ஒரு தாளில் வெள்ளி என்று எழுதி என் கையில் கொடுப்பார்.

இதைத்தான் வீட்டில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். சத்தமாகப் பேசாதீர்கள், காது நன்றாகத்தான் கேட்கிறது. டிவி ஓடும்போது பேசாதீர்கள், எனக்கு அதுவும் நீங்களும் ஒன்றாக வந்து மோதுகிறீர்கள். குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சிப் பேசாதீர்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அடுத்த கேள்வி வேண்டாம், அதே கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்பதும் வேண்டாம், ஏனென்றால் எனக்கு அது புதுக் கேள்வி, நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் தேடும் சொல்லை நீங்கள் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காலையில் நான் பேசும் பேச்சும் சாயங்காலம் பேசும் பேச்சும் ஒன்றில்லை, களைப்பு வந்தால் சொல் போய்விடும், அது நடிப்பு இல்லை, முயற்சிக் குறைவும் இல்லை.

இன்னொன்று, ஆறு மாசக் கதை. ஆறு மாசத்தில் வந்ததுதான் வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று ஒருவர் என் கணவரிடம் சொன்னார், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்தான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் சில மாதங்களில் வேகமாகத் திரும்பும், அது உண்மை. அப்புறம் வேகம் குறையும், அதுவும் உண்மை. ஆனால் நின்றுவிடாது. அடிபட்ட இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகளும் எதிர்ப்பக்க மூளையும் வருஷக்கணக்கில் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கின்றன, பயிற்சி தொடர்ந்தால். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனை வீட்டில் பயிற்சியை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. எனக்கு "நேத்து" என்ற சொல் வந்தது பதினாலாவது மாதம். அதற்கு முன்னால் என்னிடம் இறந்தகாலமே கிடையாது.

அந்தச் சொல் வந்த வாரம்தான் ஐசியூ விளக்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. விளக்கு. மேல. கண்ணு. கூசு. நீ, பாப்பா, சொன்ன. பாப்பா இல்ல. விளக்கு. அவருக்கு முதலில் பிடிபடவில்லை, பிடிபட்டதும் எழுந்து போய்விட்டார். பதினாலு மாதமாக, நான் கண் திறந்ததும் முதலில் மகளைக் கேட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றும். ஆனால் நான் என்ன சொன்னேன் என்பது என்னுடையது, அதை நான் திருப்பி வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

வேலை போய்விட்டது. எட்டு மணி நேரமும் போனில் பேசுகிற வேலை, அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. இப்போது வேறு இடத்தில் பாதி நாள், போன் இல்லாத மேசை. அங்கே பேச வேண்டிய ஆங்கிலம் எனக்குத் தமிழுக்கு ஒரு வருஷம் பின்னால் திரும்பியது. சிலருக்குப் பின்னால் படித்த மொழி முதலில் வரும், சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும், ஆளுக்கு ஆள் மாறுகிறது. தோழிகள் குறைந்துவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. போன் செய்வார்கள், நான் தேடுவேன், அந்த மௌனம் அவர்களுக்குத் தாங்காது. ஒருத்தி மட்டும் போன் செய்வதை நிறுத்திவிட்டு நேரில் வர ஆரம்பித்தாள். பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். "எனக்கு மூளையில் காயம். காது கேட்கும். புரியும். பேச நேரம் ஆகும்." வெளியே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் முதலில் அதை நீட்டுவேன். பத்தில் எட்டுப் பேர் உடனே குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

விகுதிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் "ஏன்", என்னைப் பற்றிச் சொல்ல. வந்தேன், தூங்கினேன். "ங்க" வந்தது மூன்றாவது வருஷம். அத்தையிடம்தான் முதலில் சொன்னேன், "வாங்க அத்தை" என்று, அதற்காகவே இரண்டு வாரம் குளியலறையில் சொல்லிப் பழகியிருந்தேன். அத்தை உடனே வந்துவிட்டார், எதற்குக் கூப்பிட்டேன் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி என் கணவரையும் "வாங்க" என்றேன். அடிபடுவதற்கு முன்னால் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், நீங்க, வாங்க, என்னங்க. மூன்று வருஷமாக நீ, வா, போ. அவர் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். நின்றார்.

"என்னை வான்னே கூப்பிடு" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"பழகிடுச்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "உன் பேச்சு போயி, முதல்ல எனக்குன்னு வந்த சொல்லு அதுதான்" என்றார்.

இப்போதும் வா என்றுதான் கூப்பிடுகிறேன்.